லேசர் துப்பாக்கிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?



அறிவியல் புனைகதையில் போர் வந்தால், நம் எழுத்தாளர்களில் பலர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சி எதிரியைச் சாம்பலாக்கிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தத் துப்பாக்கிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? சுட்டால் கருவி சூடாகுமே, காற்றே இல்லாத விண்வெளியில் அந்தச் சூடு எங்கே போகும்? கதிர்வீச்சாகத்தான் வெளியேற வேண்டும். அதற்கு அகலமான தகடுகளை விரிக்க வேண்டும். விரித்தால், அந்த வெப்பமே கப்பலை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். சுட்டவன் ஒளிய முடியாது! ஒரு கணக்கைப் போட்டதும் கதைக்கு முடிச்சு கிடைத்துவிட்டது, பாருங்கள்.

எழுத்தாளர் சுஜாதா இந்தக் கணக்கு தெரிந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, நம் படைகளுக்கு ரேடார் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய 'விக்ரம்' 1986இல் படமாக வந்தது. அதில் கடத்தப்பட்ட ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. அதை மீட்க உளவாளி மட்டும் போதாது என்று கணினி தெரிந்த ஒரு பெண்ணையும் கூட அனுப்பினார். நிஜ அக்னி ஏவுகணை முதன்முதலாகப் பறந்தது 1989 மே 22ஆம் தேதி. இதை ஆரூடம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்துல் கலாம் தலைமையில் ஏவுகணைத் திட்டம் 1983லேயே தொடங்கிவிட்டது. நாட்டில் நடப்பதைக் கவனித்து எழுதினார், அவ்வளவுதான்.

இளங்கோவடிகளும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலைச் சொல்லும்போது பெரிய மதில் என்று சொல்லிவிட்டு நகரவில்லை. தானே வளைந்து எய்யும் வில், கல்லை வீசும் கவண், கொதிக்கும் எண்ணெய், உலை என்று பொறி பொறியாக அடுக்குகிறார்.

ஆனால் கருவிகளின் பட்டியலோடு வேலை முடியாது. அமெரிக்கர் ஜோ ஹால்டிமன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். 1974இல் 'தி ஃபாரெவர் வார்' எழுதினார். அதில் வீரன் விண்மீன்களுக்கிடையே போருக்குப் போகிறான். சார்பியல் விதிப்படி அவனுக்குச் சில ஆண்டுகள் கழிவதற்குள் பூமியில் பல பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தால் ஊர் அவனுடையதாக இல்லை. இயற்பியலையும் சிப்பாயின் துக்கத்தையும் அங்கே பிரித்தெடுக்கவே முடியாது. நான் கேட்கும் நுணுக்கம் அதுதான்.

அதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். டாங்கி செய்யும் ஆவடி நம் மேற்கு மாம்பலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பரங்கிமலை அதைவிடப் பக்கம். சியாச்சின் குளிரில் பேட்டரி எவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடும், காவல்முனைக்கு மண்ணெண்ணெய் எப்படி வந்து சேரும் என்றெல்லாம் சொல்லக்கூடிய முன்னாள் படைவீரர்கள் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். இந்த அரங்கில் அப்படி யாராவது இருந்தால், தயவுசெய்து கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். எழுதுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.