சீட்டுக் கட்டிய மங்கு



கோலக்கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை இன்றும் காத்து வருகிறார்கள். நல்ல காரியம்தான். அந்த இனத்து மரங்களை வெட்டிப் பாலெடுத்த நம்மவர்களுக்கும் பேராவில் ஒரு மரபில்லம் வேண்டும் என்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

இலங்கையில் கம்பளைக்கு அருகே, 2007-இல் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கினார்கள். நாமோ ஈப்போவில் மண்டபம் எழுப்புவதைத்தான் முதலில் பேசுகிறோம். மண்டபம் பிறகு எழட்டும். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. உளியும் பால்வாளியும் பழைய இரும்புக்காரரிடம் போகின்றன. ராஜுலா கப்பல் 1973-இல் நின்றுவிட்டது. அதில் கைக்குழந்தையாக வந்தவருக்கே இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை நம் வீட்டில்தான். ஒரு மங்கு கிடைத்தால், யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று சீட்டெழுதிக் கட்டி வைப்போம். சீட்டில்லாவிட்டால் அது வெறும் கிண்ணம். பழைய கடப்பிதழ், சம்பளச் சீட்டு, கல்யாணப் படம் இவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, மூலத்தை வீட்டாரிடமே விடலாம். பறித்துக்கொண்டால் அடுத்த வீட்டார் கதவு திறக்கமாட்டார்கள்.

பாட்டிமார் பேசுவதைக் கைப்பேசியில் பதிவோம். "சொல்லுங்கள்" என்றால் வெட்கப்படுவார்கள். ஆயாக்கொட்டகையில் யார் யார் வளர்ந்தார்கள் என்று கேட்டால் போதும். பேர் பேராகத் தொடங்கிவிடுவார்கள்.