மரவேலையும் ஒரு பாடமே



உயர்நிலைப் பள்ளியில் மரவேலை ஒரு பாடமாக வேண்டும் என்று நாம் பேசத் தொடங்கியதுமே, "மீண்டும் குலக்கல்வியா?" என்று நம் பெரியவர்கள் கேட்கின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. 1953-இல் இராஜாஜி அரசு கொணர்ந்த திட்டம், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளை பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. தச்சர் மகனுக்கு உளி கிடைத்திருக்கும். நம் பிள்ளைக்கோ செத்த மாட்டைச் சுமப்பதும் பண்ணை வேலையுமே! பெரியார் முதலானோர் எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024-இல் ஏற்க மறுத்ததும், அதிலிருந்த குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையால்தான்.

நாம் கேட்பது இவற்றுக்கு நேர் எதிரானது. தந்தையிடம் பழகும் தொழில் வேறு. வரைபடத்தோடும் அளவுகோலோடும் எவ்வீட்டுப் பிள்ளையும் கற்கும் பாடம் வேறு. பின்லாந்தில் 1866-லேயே நாட்டுப்புறப் பள்ளிச் சிறுவர்க்குக் கைவேலை கட்டாயப் பாடமாயிற்று. தகப்பன் தொழிலைக் கேட்டு அன்று.

நம் திருப்பாச்சூரையே பாருங்கள். பாசு என்றால் மூங்கில். மூங்கிற்காட்டில் 'வாசி' என்னும் வெட்டுங்கருவி பட்டு வெளிப்பட்டமையால் இறைவனுக்கு வாசீசுவரர் எனப் பெயர் வந்தது என்கிறது தலவரலாறு. (மூங்கில் மரமன்று, புல்லினம் என்று மாணவர் நம்மைத் திருத்தலாம், திருத்தட்டும்.) கருவியின் பெயர் ஊரறிந்தது. அதைப் பிடிக்கும் உரிமைதான் சாதிக்குச் சாதி பங்கிடப்பட்டிருந்தது.

மரவேலை வெறும் கைப்பழக்கமன்று. பலகை காயும்போது நார்ப்போக்கிற்குக் குறுக்கே சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்காது. ஈரம் பட்டால் குறுக்கேதான் பருக்கும். இதையறியாதவர் செய்த கதவு மழைக்காலத்தில் சாத்தாது. வார்ப்படசாலையிலோ நுட்பம் இன்னும் மிகுதி. மணலில் அச்செடுக்க முதலில் ஒரு மாதிரி வேண்டும். அதனை நெடுங்காலமாக மரத்தில் செய்து வருகின்றனர். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்குவதால், மாதிரியை அவ்வளவு பெரிதாகச் செய்தல் வேண்டும். அலுமினியத்திற்குக் கணக்கு வேறு. நம் பிள்ளைகள் வெறுக்கும் விழுக்காட்டுக் கணக்கு இங்கே உயிர்பெறுகிறது.

ஏற்றுமதிச் சரக்கைத் தாங்கும் மரப் பேலட்டுக்கும் உலக விதி உண்டு. வெப்பமுறையில் பதப்படுத்தினால், மரத்தின் நடுப்பகுதியே 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். காக்களூரும் கும்மிடிப்பூண்டியும் தொழிற்பேட்டைகளாக விளங்கும் மாவட்டத்தில், அத்தட்டைத் தூக்குகிறவராக மட்டும் நம் இளைஞர் நிற்பது நமக்கு உடன்பாடன்று.

1978-இல் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது, ஐ.டி.ஐ.யில் மரவேலைக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. ஆனால் கணக்கில் தவறியவரையும் சேரிப் பிள்ளையையும் தேடிப்பிடித்துப் பட்டறைக்கு அனுப்பும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டுமானால் சங்கம் அதை எதிர்த்தே தீரும். இப்பாடத்திற்கும் தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டும். பொறியியல் பட்டயப் படிப்புவரை வழி திறந்திருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளும் இழைப்புளி பிடிக்க வேண்டும்.

அதுவரை காத்திராமல் சங்கக் கூடத்திலேயே தொடங்குவோம். உறுதியான மேசையொன்று, இரண்டு உளி, ஒரு ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, இவை போதும். ஒரு கட்டையில் வெட்டிய துளையில் மற்றொரு கட்டையின் நாக்கு, ஆணியின்றி அசையாமல் பொருந்தும்வரை முதல் மாதப் பயிற்சி அதுவே.