சாரும் வரேன்னு சொல்றாரு

இந்த வாரம் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டை வெச்சுத்தான் முழு எபிசோடும். அனுப்பினவர் இறுதியாண்டு இன்ஜினியரிங் மாணவர். வகுப்பிலிருந்து பதினாலு பேர் கொல்லிமலை கிளம்புறாங்க. குண்டூர் நாட்டுல ஒரு நண்பரோட தாத்தா வீட்டில் ராத்திரி தங்கல், மறுநாள் ஆகாய கங்கை அருவி. விஷயம் டிபார்ட்மென்ட்டுக்குப் போயிருச்சு. மூத்த பேராசிரியர் ஒருத்தர், "நானும் வரேன்ப்பா, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிடுவேன்"னு சொல்லிட்டார். வயசு 59. "அண்ணா, மனசு நோகாம எப்படி வேணாம்னு சொல்றது?" இதுதான் கேள்வி.

வேணாம்னு சொல்லாதீங்க, கூட்டிட்டுப் போங்க. ஆனா உங்க திட்டத்தை மாத்தணும்.

ஏன்னா கொல்லிமலை ஒரு தலைகீழ் மலை. வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ போனா முதல்ல ஏறணும். முடியலைன்னா பாதியில திரும்பிடலாம், திரும்புற வழி இறக்கம்தான். இங்கே அப்படி இல்ல. காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸே ஏறிடும். ஆயிரம் மீட்டருக்கு மேல சும்மா உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துடுவீங்க. அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குது. அருவியைப் பார்த்து, குளிச்சு, பசியெடுத்த பிறகுதான் ஏற்றமே ஆரம்பம். அந்த நேரத்துல முடியலைன்னு சொன்னா திரும்புறதுக்கு வேற வழி கிடையாது.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு படி அரை அடி உயரம்னா ஆயிரம் படிக்கு 500 அடி. ஒரு மாடிக்குப் பத்து அடின்னா, லிஃப்ட் இல்லாத 50 மாடி! மலையேறுறவங்க இன்னிக்கும் பயன்படுத்துற ஒரு கணக்கை 1892-ல ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்னார். நடக்குற தூரத்துக்கு ஆகுற நேரத்தோட, 2000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். அப்படின்னா 500 அடிக்குக் கால் மணி நேரம். ஆனா அது நல்ல பழக்கம் இருக்குறவங்களுக்கு. சாரோட போறப்ப நான் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவேன்.

இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால எல்லாருமே நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். அடி வாங்குறது முட்டியும் தொடையும். கீழே போய் நின்னதும் கால் நடுங்குதா பாருங்க. ஏறும்போது வேலை இதயத்துக்கு மாறுது. 220-லிருந்து வயசைக் கழிச்சா அதிகபட்ச இதயத் துடிப்புன்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. உங்களுக்கு 199, சாருக்கு 161. ஒரே படிதான், ஆனா அவர் தன்னோட உச்சத்துக்கு ரொம்பப் பக்கத்துல ஓடிட்டிருப்பார். ஸ்மார்ட்வாட்ச் இருக்கேன்னு நினைக்காதீங்க. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுக்குறவங்களுக்குத் துடிப்பு பெருசா ஏறாது, வாட்ச் நார்மல்னுதான் காட்டும். அதை விட நல்ல கருவி பேச்சு. ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச முடியலைன்னா வேகம் அதிகம்.

வயசு மட்டுமே தடைன்னு நான் சொல்லல. ஜப்பானைச் சேர்ந்த யூச்சிரோ மியூரா 2013 மே மாசம் 80 வயசுல எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். இதய அறுவை சிகிச்சையெல்லாம் பண்ணிக்கிட்டவர். ஆனா திரும்புறப்ப ரொம்பவே களைச்சுப்போய், இரண்டாவது முகாமிலிருந்து ஹெலிகாப்டர்லதான் வந்தார். போறதுக்கு இருந்த தெம்பு வர்றதுக்கு இல்ல. அறப்பளீஸ்வரர் கோயில் படியில ஹெலிகாப்டருக்கு யாரைக் கேட்பீங்க?

இவ்வளவும் உடம்புக் கணக்கு. எனக்குப் பெருசாத் தெரியுறது வேற ஒண்ணு.

நான் மூணாவது வருஷம் படிக்கும்போது இதே படிகளுக்கு எங்ககூட ஒரு சார் வந்தார், ஐம்பதுகளின் நடுவுல இருந்தவர். திரும்பி ஏறும்போது அம்பது படிக்கு ஒருமுறை நின்னு ஏதாவது விளக்குவார். பாறையில வளர்ற பாசி, பெரணி, ஒருதடவை பம்ப் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி ஏத்தும்னு கணக்கு வேற. "லீவுலயும் கிளாஸாடா"ன்னு பசங்க முன்னாடி ஓடிட்டாங்க. அவரோட பையைத் தூக்கிட்டு நான் பின்னாடியே வந்தேன். ஒவ்வொரு தடவையும் விரல் முதல்ல நீளும், வார்த்தை வர ரொம்ப நேரமாகும். அந்த இடைவெளியிலதான் அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருந்தார்.

நம்ம ஊர்ல வாத்தியார் பசங்ககிட்ட "முடியலடா"ன்னு சொல்ல மாட்டார். பசங்களும் "சார், முடியலையா?"ன்னு கேட்க மாட்டாங்க, அது மரியாதைக் குறைவு. நெஞ்சு அடைச்சாக்கூட "ஒண்ணுமில்லப்பா, கேஸ்"னுதான் பதில் வரும். ரெண்டு பக்கமும் மரியாதை, நடுவுல ஆபத்து. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் 2022-ல இமயமலை நெடுக ஒரு நீண்ட பயணம் போனாங்க, கூட வந்தவங்க எல்லாருமே 50 தாண்டிய பெண்கள். அப்படி ஒரு குழுவுல ஒருத்தர் உட்கார்ந்தா இன்னொருத்தரும் கூச்சமில்லாம உட்காருவாங்கன்னு நினைக்கிறேன். இருபத்தொரு வயசுப் பசங்க நடுவுல அந்தச் சலுகை சாருக்குக் கிடையாது.

அதனால நிறுத்துறதுக்கான வாய்ப்பை நீங்களே திட்டத்துல வெச்சிடுங்க, அவரைக் கேட்க வைக்காதீங்க. முதல் நாளே சொல்லிடுங்க: கோயில் கிட்ட ரெண்டு பேர் எப்படியும் பைகளோட இருக்கணும், யார்னு காலையில முடிவு பண்ணலாம். அவர் இருக்கேன்னு சொன்னா அது ஒரு வேலை, தோல்வி இல்ல. இறங்குறார்னா வேகத்தை அவரே வைக்கட்டும், அவருக்கு முன்னாடி யாரும் போகக் கூடாது. கடைசியில ஒருத்தர், அவர் யாரையும் தாண்டவே கூடாது. நூறு படிக்கு ஒருமுறை எல்லாரும் உட்காருங்க, யாருக்கும் களைப்பு இல்லாட்டியும்.

குண்டூர் நாட்டுல காலையில வெளியே வந்து நில்லுங்க. தலையில சுமையோட மேட்டு வழியில போற பாட்டிங்களைப் பார்க்கலாம். நான் போனப்ப ஒருத்தரை மூணு தடவை முந்தினோம், மூணு தடவையும் நாங்க உட்கார்ந்திருக்கும்போது அவங்க எங்களைத் தாண்டிப் போனாங்க. நிக்கவும் இல்ல, வேகமா நடக்கவும் இல்ல.

கிளம்புறதுக்கு முன்னாடி சார் டாக்டரைப் பார்த்துட்டு வரட்டும். "நாங்க எல்லாருமே செக்-அப் பண்றோம் சார்"னு சொல்லி, நிஜமாவே நீங்களும் பண்ணிக்கோங்க. வழக்கமான மாத்திரை எதையும் விட வேண்டாம், கைக்கு ஒரு தடி இருக்கட்டும். மழை பெய்ஞ்சா படி வழுக்கும், அன்னிக்குக் கோயிலோட நிறுத்திக்கோங்க. நெஞ்சுல பாரம், இடது கை வலி, குளிர்ந்த வேர்வைன்னா அங்கேயே உட்கார வெச்சு 108-ஐக் கூப்பிடுங்க. படியில சிக்னலை நம்பாதீங்க, ஒருத்தர் மேலே ஓடணும். அந்த ஆள் யார்னு முன்னாடியே பேசி வெச்சிடுங்க.

அப்புறம், பஸ்ல முன் சீட்டை சாருக்குக் கொடுங்க. 70 வளைவையும் பின் சீட்ல உட்கார்ந்து தாண்டினவங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்ல. போயிட்டு வந்து வாய்ஸ் நோட் அனுப்புங்க, முடிஞ்சா சார் குரல்லயே. அடுத்த வாரம் பார்க்கலாம்.