திண்ணையில வளர்ந்த குட்டிகள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

மாட்டுக் கடன், தையல், மசாலாப் பொடி என்று எல்லாரும் நல்ல விஷயமாப் பேசினீங்க. நான் நாயைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. எங்க ஊர்ல எனக்கு "நாய்க்காரி" என்று பட்டப்பேர் இருக்கிறது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும்.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. கல்யாணம் ஆகி வந்ததில் இருந்து வீடு, மாடு, குழு, இவ்வளவுதான். 4 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள்ல, எங்க தெருக் கடைசிப் பாலத்துக்குப் பக்கத்துல குட்டி போட்டிருந்த ஒரு நாயை லாரி அடிச்சிருச்சு. 6 குட்டி, கண்ணே திறக்கல. என் பையன் சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்துட்டான். எனக்குத் தெரிஞ்சது பிள்ளைக்குச் சங்குல பால் ஊத்துறதுதான். அதே மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சுப் பசும்பால் ஊத்தினேன். ரெண்டு நாள்ல 3 குட்டி செத்துப் போச்சு. பால் மூச்சுக்குழலுக்குள்ள போயிருக்கு. நல்லது பண்றதா நினைச்சு நானே கொன்னிருக்கேன்.

மிச்சம் மூணையும் கூடையில வச்சுக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா திட்டல. குட்டி குப்புறப் படுத்துத்தான் குடிக்கணும், தாய்கிட்ட குடிக்கிற மாதிரி. பசும்பால் பேதியாக்கும், நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு. உடம்பு ஜில்லுன்னு இருந்தா முதல்ல சூடு காட்டணும், அப்புறம்தான் பால். ராத்திரியிலும் ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுந்திருக்கணும். இன்னொண்ணும் சொன்னாங்க. அவ்வளவு சின்னக் குட்டி தானா ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகாதாம். தாய் நக்கி விட்டாத்தான் போகுமாம். அதனால வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சு விடணும். நான் அதைப் பண்றதைப் பார்த்துட்டு எங்க அத்தை, "எம் பேரனுக்குக்கூட நீ இம்புட்டுப் பண்ணலயேடி"ன்னாங்க. அந்த மூணும் பிழைச்சுது.

டாக்டரம்மா மூலமாத்தான் டவுனுக்கு வெளியே இருக்கிற காப்பகத்து ஆளுங்க பழக்கமானாங்க. அங்கே அடிபட்டது, கால் போனது, வயசானது எல்லாம் இருக்கும். ஊசி போடாத குட்டியை அதுங்களோட விட்டா ரத்தப் பேதி வந்து செத்துப் போகும். அதனால ஊசி முடியுற வரைக்கும் குட்டிகளை வீடுகள்ல குடுத்து வளர்க்கிறாங்க. 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள முதல் ஊசி, அப்புறம் இடைவெளி விட்டு அடுத்தது, 3 மாசத்துல வெறிநோய் ஊசி. அதுக்கப்புறம் வளர்க்கிறவங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க. இதுவரைக்கும் எங்க திண்ணையில 23 குட்டி வளர்ந்திருக்கு. பவுடர், மருந்து அவங்க தர்றாங்க. சம்பளம் கிடையாது. குழுச் சேமிப்புப் பணம் நாய்க்குப் போகுதான்னு ஒரு தடவை கூட்டத்துலயே கேட்டாங்க. நம்ம கணக்கு நோட்டு மாதிரியே அதுக்கும் ஒரு நோட்டு போட்டு வச்சிருந்தேன், எடுத்துக் காட்டினேன்.

போன வருஷம் நான் ஒரு தப்புப் பண்ணினேன். புழு வச்ச புண்ணோட கிடந்த ஒரு நாயை, வாயைக் கட்டாமப் பிடிச்சேன். வலியில கையைக் கவ்விருச்சு. லேசா ரத்தம். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா இதோட நிறுத்துன்னு சொல்லிடுவாருன்னு பயந்து, மஞ்சளை அப்பிக்கிட்டுச் சும்மா இருந்துட்டேன். மூணாம் நாள் குழுக் கூட்டத்துல எங்க ஊக்குநர் அக்கா பார்த்துட்டு "ஊசி போட்டியா?"ன்னாங்க. போட்டேன்னு பொய் சொன்னேன். "சீட்டை எடு"ன்னாங்க. அவ்வளவுதான், கூட்டத்தைப் பாதியில விட்டுட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. வெறிநோய் வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்த வழியில்லம்மான்னு நர்சம்மா சொன்னப்போதான் எனக்கு உடம்பு நடுங்குச்சு. கடிச்ச உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது. ரத்தம் வந்ததால புண்ணுக்குள்ளயே போடுற மருந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. எனக்கு முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள்னு ஊசி போட்டாங்க, காசு கிடையாது. வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்துட்டு ரெண்டு நாள் பேசல. 7ஆம் நாள் ஊசிக்கு அவரே வண்டியை எடுத்தார். இப்ப வாய்க்கட்டு இல்லாம நான் எந்த நாயையும் தொடுறதில்ல.

அடுத்தது சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். எங்க குழுவுலயே ஒரு அக்கா உள்கடன் வாங்கி ஆடு வாங்கினாங்க. ஒரே ராத்திரி பட்டிக்குள்ள நாய் பூந்து 5 ஆட்டைக் கடிச்சுப் போட்டுருச்சு. "நீ சோறு வச்சு வளர்த்த நாய்தாண்டி"ன்னு என் வாசல்ல வந்து அழுதாங்க. எந்த நாய்னு எனக்குத் தெரியாது. ஆனா இல்லன்னு எப்படிச் சொல்றது? ஊர்ல கறியில விஷம் வைக்கணும்னு பேச்சு வந்துச்சு. ஒரு நாயைக் கொன்னா ஓடைக்கரையில கொட்டுற கோழிக்கழிவுக்கு இன்னொரு நாய் வந்து நிக்கும், விஷக் கறியை நம்ம கோழியும் தின்னும்னு நான் சொன்னேன். பாதிப் பேர் கேட்டாங்க. அந்த அக்காவோட தவணையை 3 மாசம் தள்ளி வைக்கக் குழு தீர்மானம் போட்டோம்.

அதுக்கப்புறம் இதுவரைக்கும் 9 பெட்டை நாயைச் சின்ன யானை வண்டியில ஏத்திட்டுப் போய்க் காப்பகத்துல கருத்தடை பண்ணிக் கொண்டாந்திருக்கேன். காது நுனியில ஒரு வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். பிடிச்ச இடத்துலயே திரும்ப விடணும்கிறது சட்டம், அதுக்கும் என்னைத்தான் திட்டுறாங்க. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து போடுற நாய்ங்க, இந்த வருஷம் எங்க தெருவுல ஒரு ஈத்துதான். கழிவு கொட்டுறது இன்னும் நிக்கல. அந்த அக்கா என்கிட்ட முன்ன மாதிரி பேசுறதில்ல. ஆனா போன மாசம் அவங்க மாடு கன்னு போட முடியாமக் கிடந்தப்போ, ஆள் விட்டு நம்பர் கேட்டாங்க. 1962-க்குப் போன் போட்டுக் கால்நடை ஆம்புலன்ஸை வரச் சொன்னேன். கன்னு நல்லா இருக்கு.

இப்ப எங்க திண்ணையில 2 குட்டி இருக்கு, ஊசி முடிஞ்சாச்சு. ரெண்டும் பெட்டை, அதான் யாரும் கேக்கல. கருத்தடைச் செலவைக் காப்பகம் பார்த்துக்கும். பட்டிக்கோ வீட்டுக்கோ காவலுக்கு வேணும்கிறவங்க, கட்டிப் போட்டுச் சோறு வைக்க முடியும்னா மட்டும், சாப்பாட்டுப் பந்தல் பக்கம் என்னைப் பாருங்க.