சக்கர நாற்காலிக்கு யார் காசு கொடுப்பது?

(மீள்குடியேறும் தோட்டக் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள இடத்திலிருந்து குடும்பங்களை வெளியேற்றும்போது, நடக்கக்கூடியவர்கள் நடந்து வந்துவிடுவார்கள். நடக்க முடியாதவரை யாராவது முதுகில் சுமக்க வேண்டும். அதனால்தான் மீள்குடியேற்றம் பற்றிப் பேசும்போது சக்கர நாற்காலி பற்றியும் பேசுகிறோம்.

“அரசாங்கக் காப்புறுதியில் சக்கர நாற்காலி எடுக்கலாமா?” என்று பலர் கேட்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். நம் நாட்டில் அரச ஆஸ்பத்திரி வைத்தியம் இலவசம். அதற்குக் காப்புறுதி அட்டை தேவையில்லை. ‘அக்ரஹார’ காப்புறுதி அரச உத்தியோகத்தர்களுக்கு உரியது. கொழுந்து பறிப்பவர் அதில் சேரமாட்டார். ஆகவே ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது நாற்காலியும் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கான வழி பிரதேச செயலகத்தில் இருக்கிறது.

அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் கொடுக்கும் உதவி உபகரணங்களுக்கும், ஊவா மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் உதவிக்கும் அவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் அரச வைத்தியரிடம் சிபாரிசுக் கடிதம் எடுங்கள். அடுத்ததாக கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தையும் குடும்ப வருமானத்தையும் உறுதிப்படுத்துங்கள். அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்து சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுங்கள். கொடுத்த எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். கொடுத்த திகதியையும் குறித்து வையுங்கள். தமிழும் அரச கரும மொழி. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

வேலை செய்யும்போது விழுந்தோ, மெஷினில் அகப்பட்டோ அங்கம் இழந்தவர்களுக்கு இன்னும் சில வழிகள் உண்டு. வேலைத்தள விபத்துக்கு நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஈ.டி.எஃப். என்று நாம் சொல்லும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் சம்பளக் கணக்கில் 3 வீதத்தை முதலாளி கட்டுகிறார். அந்த நிதியத்தில் நிரந்தர இயலாமைக்கான காப்புறுதி நன்மை உண்டு. இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், வயது வரும் முன்னரே ஈ.பி.எஃப். பணத்தையும் எடுக்க விண்ணப்பிக்கலாம். இவற்றைத் தோட்ட அலுவலகத்திலும் சங்கத் தலைவரிடமும் தாமதிக்காமல் கேளுங்கள்.

இனி முக்கியமான விடயம். நாற்காலி என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் போதாது. அது அந்த ஆளுக்குப் பொருந்த வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பெரியவரின் நாற்காலி கொடுத்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து உட்காரும், முதுகு கோணும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவரை மெத்தை இல்லாமல் உட்கார வைத்தால் படுக்கைப் புண் வரும். அந்தப் புண் உயிரையே வாங்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் இடுப்பின் அகலத்தையும், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தையும், முழங்காலிலிருந்து பாதம் வரையுள்ள நீளத்தையும் அளந்து எழுதித் தரட்டும். “எங்களுக்கு தோட்டத்து ரோட்டு, கல்லும் பள்ளமும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குச் செய்த நாற்காலியின் சின்ன முன்சக்கரம் கல்லில் சிக்கி ஆளைக் கவிழ்த்துவிடும். முன்சக்கரம் பெரிதாகவும் அகலமாகவும் இருப்பதே நமக்கு நல்லது. நாற்காலி கைக்கு வந்ததும் பிரேக் பிடிப்பதையும், மேட்டில் தள்ளுவதையும், இறக்கத்தில் பின்பக்கமாக இறக்குவதையும் கற்றுக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.

புதிய வீட்டைப் பற்றியும் இப்போதே பேச வேண்டும். காணியும் வீடும் கிடைத்தாலும், வாசலில் நாலு படி இருந்தால் நாற்காலி உள்ளேயே கிடக்கும். காணி பிரிக்கும்போதே, நடக்க முடியாதவர் உள்ள குடும்பத்துக்கு ரோட்டோரமாக, சமமான இடம் கேளுங்கள். படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை கேளுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால் தள்ளுவது லேசு. கக்கூஸ் கதவு நாற்காலி நுழையும் அகலம் இருக்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு இடிப்பதைவிட, அத்திவாரம் வெட்டும் முன்னர் சொல்வது சுலபம்.

ஹல்துமுல்லையில் விண்ணப்பித்துவிட்டு வேறு பிரதேச செயலகப் பிரிவுக்குக் குடிபோனால், இரண்டு இடத்துச் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கும் அறிவியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கோவை பழைய அலுமாரியிலேயே தங்கிவிடும்.

சிலர் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உரிமைச் சாசனத்தையும் இலங்கை ஏற்றுக்கொண்டது. நீங்கள் பிச்சை கேட்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகவும், அப்பா வாசலுக்கு வந்து வெயில் காயவும் தேவையானதைக் கேட்கிறீர்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும், வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால் அவருடைய பெயரை எங்கள் உத்தியோகத்தரிடம் பதிந்துவிட்டுப் போங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுவோம்.