மீண்டும் விண் கூவும் பட்டங்கள்

மனிதன் பயின்ற கலைகளுள் சில ஏடுகளிலே வாழ்கின்றன. சில கைகளிலே வாழ்கின்றன. ஏட்டிலே உள்ள கலையை நூறு ஆண்டுகளின் பின்னரும் ஒருவன் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். கையிலே உள்ள கலையோ கை ஓய்ந்தால் ஓய்ந்துவிடும். ஒரு தலைமுறை அதனைச் செய்யாது விட்டால், அடுத்த தலைமுறைக்கு அதன் பெயர் மாத்திரமே எஞ்சும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பட்டக் கலை இத்தகையது. போரினால் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்த அக்கலை மீண்டும் தழைத்த வரலாறு, பறக்கும் உருவங்களைத் தம் கையாற் செய்து இடையிலே கைவிட்ட எவருக்கும் பயன் தருவதொன்றாகும்.

தைப்பொங்கலன்று பிற்பகலில் வடமராட்சிப் பகுதியிலுள்ள வல்வெட்டித்துறைக்குச் செல்வோர், ஊரின் உதயசூரியன் கடற்கரையிலே பல்லாயிரம் மக்கள் கூடி நிற்கக் காண்பர். அங்கே நடைபெறுவது பட்டப் போட்டி. காலையிற் பொங்கிப் படைத்துச் சூரியனை வணங்கிய மக்கள், மாலையில் அதே வானத்தை நோக்கித் தம் கைத்திறனை ஏற்றுகின்றனர். அப்பட்டங்களுட் பல, பட்டம் என்றதும் மனத்திலெழும் உருவத்தைக் கொண்டவையல்ல. இறக்கையும் வாலும் உடைய விமானங்கள், பாய் விரித்த கப்பல்கள், பறவைகள், விலங்குகள் என அவை பல்வேறு வடிவங் கொள்வன. தரையிலே கிடக்கும்போது பாரமானவை போலத் தோன்றும் அவ்வுருவங்கள், நான்கைந்து இளைஞர் தூக்கிப் பிடித்துக் காற்றிலே விட்டதும் ஒருமுறை தயங்கி, பின்னர் நிமிர்ந்து மேலே செல்லும் காட்சி கண்டவர் மனத்தைவிட்டு அகலாது.

இக்கலை வல்வெட்டித்துறையிலே சிறந்து விளங்குவது தற்செயலன்று. அது கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். 1937 ஆம் ஆண்டிலே அவ்வூரிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், அவ்வூர் மாலுமிகளாற் செலுத்தப்பெற்று, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பாய்மரத்திலே காற்றைப் பிடித்து வாழ்ந்த மக்களுக்குத் தாளிலே காற்றைப் பிடிப்பது அரிதாகுமா? காற்றின் திசையும் வலிமையும் அவர்க்கு நாளும் பயின்ற பாடங்கள். தை மாதத்திலே வங்கக் கடலைக் கடந்து வடகிழக்கிலிருந்து வரும் காற்று, வழியில் மரமோ மனையோ தடுக்காமையினால், ஒரே சீராகக் கரையை வந்தடைகிறது. பட்டத்திற்கு வேண்டுவது வலிய காற்றன்று, சீரான காற்றே.

குடாநாட்டின் பட்டங்களுக்குப் பெயர்கள் பல. எட்டுமூலை, கொக்கு, பிராந்து, வௌவால், பாம்பு, படலம், பெட்டிப்பட்டம் என்பன அவற்றுட் சில. மூங்கிலைப் பிளந்து, சீவி, முள்ளும் கணுவும் போகத் தேய்த்துச் சலாகைகள் செய்வர். ஒவ்வொரு சலாகையையும் அதன் நடுவிலே விரல்மேல் நிறுத்திப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தை மேலும் சீவுவர். இரு பக்கமும் ஒத்து நிற்கும் வரையில் இவ்வேலை நிகழும். பின்னர் நூலினால் வரிந்து கட்டி, மெல்லிய வண்ணத் தாளை மாப்பசையினால் ஒட்டுவர். பெரிய பட்டங்களின் தலையிலே 'விண்' பூட்டுவதும் உண்டு. சலாகையை வில்லாக வளைத்து, அதிலே நாரையோ மெல்லிய நாடாவையோ இழுத்துக் கட்டினால், காற்று அதனை அதிரச் செய்யும். அவ்வோசை நெடுந்தூரம் கேட்கும். அதனையே 'விண் கூவுதல்' என்பர். இரவிலே பட்டத்தை மரத்திற் கட்டிவிட்டு உறங்கச் செல்வோர், தம் பட்டத்தின் குரலைப் பாயிற் படுத்தவாறே இனங்கண்டு கொள்வர்.

பட்டத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோர் விமானத்தின் வரலாற்றை அறியாதவரே. விமானத்தின் இறக்கையும் பட்டத்தின் முகமும் செய்யும் தொழில் ஒன்றே. எதிர்வரும் காற்றைச் சாய்வாக ஏற்று, அதனைக் கீழ்நோக்கித் திருப்பி, அதனால் தாம் மேலெழுகின்றன. விமானத்திலே பொறியானது இறக்கையைக் காற்றினூடே இழுத்துச் செல்கிறது. பட்டத்திலே நூலானது முகத்தை நிறுத்தி வைக்க, காற்றுத் தானே வந்து மோதுகிறது. ஆதலின், பட்டம் கயிற்றாற் கட்டிய விமானம் எனின் பிழையாகாது.

இவ்வுண்மையை முதலிற் பயன்படுத்தியவர் இங்கிலாந்து நாட்டவரான ஜோர்ஜ் கெய்லி. 1804 ஆம் ஆண்டிலே அவர் ஒரு நீண்ட கோலின்மீது பட்டம் ஒன்றை இறக்கையாகப் பொருத்தி, பின்புறத்திலே அசையக்கூடிய வால் அமைத்து, முன்புறத்திலே பாரம் வைத்துப் பறக்கவிட்டார். இன்று உலகெங்கும் செய்யப்படும் மாதிரி விமானங்களுக்கெல்லாம் முன்னோடி அந்தப் பட்டமே. அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த லோரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் 1893 இல் பெட்டிப்பட்டத்தை அமைத்தார். அடுத்த ஆண்டிலே நான்கு பெட்டிப்பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டி, அவற்றால் தாமே தரையைவிட்டு ஏறக்குறைய ஐந்து மீற்றர் உயர்ந்தார். ஐரோப்பாவின் தொடக்ககால விமானங்கள் சிலவற்றின் இறக்கைகள் இப்பெட்டிப்பட்டத்தின் வடிவிலேயே அமைந்தன.

இனி, குடாநாட்டின் வானத்திற்கு நேர்ந்ததைக் கூறவேண்டும். போர் மூண்டபின் அவ்வானம் விளையாட்டுக்கு உரியதாக இருக்கவில்லை. மேலே இரைச்சல் கேட்டால் தாய்மார் பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினர். 1987 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியிலே பெரும் படை நடவடிக்கை தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 4 ஆம் நாள் இந்திய விமானங்கள் குடாநாட்டின்மேற் பறந்து உணவுப் பொதிகளை இறக்கின. குண்டும் உணவும் ஒரே வானத்திலிருந்து விழக் கண்ட மக்கள் அவர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். கடற்கரைகளில் நடமாடுவதற்கும் கடலிற் செல்வதற்கும் தடைகள் இருந்தன. போர் சற்றே ஓய்ந்த நாள்களிற் சிறுவர் பட்டம் விட்டதுண்டு. ஆயினும், மாதக்கணக்காக உழைத்துப் பெரும்பட்டம் கட்டி, ஊரே கூடி ஏற்றிய பழைய உரிமை இல்லாதொழிந்தது. கலை தெரிந்தவர் பலர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். எஞ்சியோர் முதுமை எய்தினர்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. அதன்பின் பட்டங்கள் மீண்டும் எழுந்தன. வெளியார்க்கு அது எளிதிலே நிகழ்ந்தது போலத் தோன்றலாம். நெடுநாளாக விட்ட கைவேலையை மறுபடியும் தொடங்கியவர்க்கே அதன் அருமை தெரியும்.

இருபது வயதிலே எட்டுமூலை கட்டியவர் ஒருவர் ஐம்பது வயதிலே மீண்டும் மூங்கிலைக் கையில் எடுக்கிறார் எனக் கொள்வோம். அவர் மனத்திலே பழைய பட்டம் சிறிதும் குறையாமல் இருக்கிறது. கைதான் அதனை மறந்திருக்கிறது. கத்தி ஆழமாகப் பாய்ந்து சலாகை முறிகிறது. கண்ணும் முன்போற் கூர்மையாக இல்லை. பொருள்களும் மாறிவிட்டன. தாளிருந்த இடத்திலே பொலித்தீனும் செயற்கைத் துணியும், பருத்தி நூலிருந்த இடத்திலே நைலோனும் வந்துவிட்டன. பழைய அளவின்படி புதிய பொருளாற் செய்த பட்டம் பழைய பட்டம் போலப் பறப்பதில்லை. தமக்குத் தெரிந்தது தெரியாமற் போனதோ என்னும் துயரம் அவரைப் பற்றுகிறது. பலர் இவ்விடத்திலேயே மீண்டும் கைவிடுகின்றனர்.

பெரிதாகச் செய்யவேண்டும் என்னும் ஆசை, திரும்பி வருவோரை வழுக்கும் மற்றோரிடம். நான்கடிப் பட்டம் நன்கு பறந்தது. எட்டடியாகச் செய்தால் இன்னும் சிறக்கும் என்று எண்ணுவர். இயற்கையின் கணக்கு அவ்வாறன்று. எல்லா அளவையும் இருமடங்காக்கினால், காற்றைத் தாங்கும் பரப்பு நான்கு மடங்காகும். சட்டத்தின் பாரமோ எட்டு மடங்காகும். ஆகவே பெரும்பட்டம் கட்டுவோர் சிறுபட்டத்தை அப்படியே பெருப்பித்தல் ஆகாது. எங்கே சலாகை வேண்டும், எங்கே நூலே போதும் என்பதைப் புதிதாக ஆராய்தல் வேண்டும்.

இப்பாடத்தை உலகப் புகழ் பெற்ற இருவரும் கற்றனர். 1878 ஆம் ஆண்டிலே றைற் சகோதரரின் தந்தையார், முறுக்கிய இறப்பர் நாடாவினாற் பறக்கும் சிறு விளையாட்டுக் கருவி ஒன்றைத் தம் மைந்தர்க்குக் கொணர்ந்தார். தக்கையும் மூங்கிலும் தாளும் கொண்டு ஆக்கப்பட்ட அதனைப் பார்த்துச் சிறுவர் இருவரும் தாமே பல செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. காரணம் அறியாத சிறுவர் சோர்ந்து, அதனை விட்டுவிட்டுப் பட்டம் விடுவதற்கே திரும்பினர். ஆண்டுகள் சென்றன. அச்சகம் நடத்தினர், சைக்கிள் செய்தனர். 1896 ஆம் ஆண்டிலே ஜேர்மானியரான லிலியந்தால் தம் மிதவை விமானத்திலிருந்து விழுந்து இறந்த செய்தி, அவர்களின் பழைய ஆர்வத்தைக் கிளறியது. 1899 இல் அவர்கள் முதலிற் செய்தது ஏறக்குறைய ஐந்தடி அகலமுள்ள ஒரு பட்டமே. இறக்கையை முறுக்கித் திருப்பும் முறையை அதிலே சோதித்தனர். 1903 டிசம்பர் 17 ஆம் நாள் பறந்த விமானம் அந்தப் பட்டத்தின் வழித்தோன்றல். நெடிய இடைவெளியின் பின் திரும்பியவர்கள், சிறியதிலிருந்தே தொடங்கினர் என்பது கருதத்தக்கது.

உண்மையான விமானத்தின் அளவைச் சுருக்கி மாதிரி செய்வோரும் இதனை அறிவர். அலுமாரியில் வைக்கும் மாதிரிக்கு ஒவ்வொரு பகுதியும் அளவு பிசகாதிருத்தல் வேண்டும். பறக்கும் மாதிரிக்கோ, அளவோடு காற்றின் இசைவும் வேண்டும். ஆதலின், வாலிறக்கையைச் சற்றே பெரிதாக்குவர். இறக்கை நுனிகளைச் சற்றே உயர்த்துவர். வல்வெட்டித்துறையிலே விமான வடிவிற் பட்டம் கட்டுவோர்க்கும் இதுவே நெறி. காண்பவர் கண்ணுக்கு அது விமானம். காற்றுக்கு அது பட்டம். இரண்டையும் நிறைவு செய்பவனே கலைஞன்.

இவ்வாறு ஏட்டிலே எழுதக்கூடியவை சில. எழுத முடியாதது ஒன்று உண்டு. அதுவே முச்சை. பட்டத்தின் முகத்திலிருந்து வரும் நூல்கள் கூடும் முடிச்சு அது. முடிச்சு சற்று மேலேறினால் பட்டத்தின் சாய்வு குறையும். கீழிறங்கினாற் சாய்வு கூடும். ஒரு விரலளவு வேறுபாட்டினால் நல்ல பட்டமும் ஏறாது நின்று தள்ளாடும். ஒரு பக்கம் இழுத்துக் கரணம் போடும். அன்றைய காற்றுக்கு எவ்விடத்திலே முடியவேண்டும் என்பதை எந்த ஏடும் கூறாது. பட்டத்தை நூலிலே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் கை கூறும். "அப்பு, ஏன் இது தலைகுத்துகிறது?" என்று கேட்கும் பேரனுக்கு, "முச்சையை இறக்காதே தம்பி, நூலைப் பிடித்துப் பார், அது சொல்லும்" என்று சொல்லி, அவன் கையைப் பற்றி நூலின்மேல் வைப்பதே அங்கே கற்பிக்கும் முறை. இடையிலே முப்பது ஆண்டுகள் போயினும், அப்படி ஒரு கையேனும் எஞ்சியிருந்தமையாலேயே கலை பிழைத்தது. மறதியுற்ற முதியவரும் பத்துப் பட்டத்தைப் பழுதாக்கிப் பதினொன்றாவதைச் சரியாகக் கட்டினார் என்றால், அவர் மீட்டது தமக்குரிய பொழுதுபோக்கை மாத்திரமன்று.

வானமும் மெல்ல மெல்லத் தன் பழைய முகத்தைப் பெறுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த பலாலி விமானத் தளத்திற்கு, 1947 டிசம்பர் 10 ஆம் நாள் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து வந்து, சென்னைக்குச் சென்றது. பின்னாளிலே அத்தளம் போருக்கு உரியதாயிற்று. 2019 ஒக்ரோபர் 17 ஆம் நாள் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. தொற்றுநோயினாற் சிறிது காலம் தடைப்பட்டுப் பின் 2022 டிசம்பரிலே சென்னை விமானம் மீண்டும் வந்திறங்கியது. அதனைக் கண்ட சிறுவன் அதன் வடிவிலே பட்டம் கட்ட நினைப்பான். அவனுக்கு மூங்கில் சீவக் காட்டுவதற்கு முதியோர் காலந்தாழ்த்தலாகாது.

தை மாதத்து இரவிலே கடற்கரை ஊர்களின் மேல் இன்றும் விண் கூவுகிறது. ஒரு காலத்திலே மேலிருந்து ஓசை வந்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கிக் கிடந்த வீடுகளிலே, இப்பொழுது சிறுவர் அவ்வோசைக்குச் செவிசாய்த்து, அது எவர் பட்டம் என்று வழக்காடியவாறே உறங்கிப் போகின்றனர்.