தையல் தாவினால் மெசினைக் குறை சொல்லாதீர்கள்

(தோட்டப் பெண்களுக்கான தையல் வகுப்பில் யாழ்ப்பாணத்துத் தையல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கும்போது தையல் தாவுகிறது என்று உங்களில் பலர் சொன்னீர்கள். "மெசின் பழசாகிப் போச்சு" என்று சிலர் மூலையில் ஒதுக்கியும் வைத்திருக்கிறீர்கள். அது வேண்டாம். சிங்கர் மெசின் இலங்கைக்கு வந்தது 1877 இல். பாட்டி காலத்துக் கறுப்பு மெசின்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. மெசின் லேசில் கெடாது. கெடுவது ஊசி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 இல் மின்சாரம் நின்றது. பொருள்கள் வரவும் தடை. அந்த ஆண்டுகளில் கால்மிதி மெசின்தான் பல வீடுகளுக்குச் சோறு போட்டது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. போன இடத்தில் மெக்கானிக்கை எங்கே தேடுவது? தையல் தெரிந்த பெண்கள் தாங்களே பார்த்துத் திருத்தப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் தையல் விழுகிற விதத்தைப் பாருங்கோ. ஊசி அடிவரை இறங்கி மேலே திரும்பும்போது நூல் சின்னதாக ஒரு வளையம் போடும். அதற்குள் சட்டிலின் மூக்கு நுழைந்து நூலைப் பிடிக்க வேண்டும். வளையம் விழாவிட்டால் தையலும் விழாது. தடித்த துணியில் ஊசி வளையும். துணியும் ஊசியோடு மேலே எழும்பும். வளையம் விழாமல் போவது அதனால்தான்.

இனி, இந்த ஒழுங்கில் பாருங்கோ:

1. புது ஊசி போடுங்கோ. சட்டை தைக்கும் 11 ஆம் இலக்க ஊசி போர்வைக்குப் போதாது. இரண்டு மூன்று மடிப்புக்கு 14, அதற்கு மேல் 16. ஊசியை முட்டும்வரை மேலே தள்ளித் திருகாணியை இறுக்குங்கோ. நீளக் குழி இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோர்க்க வேண்டும். தட்டைப் பக்கம் சட்டில் பக்கம் பார்க்க வேண்டும்.

2. துணியை அமுக்கும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேல் நூலை முதலிலிருந்து திரும்பக் கோருங்கோ. கால் இறங்கியிருந்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராது.

3. துணி ஊசியோடு எழும்பினால், காலுக்கு மேலே உள்ள அழுத்தத் திருகை இறுக்குங்கோ.

4. ஊசித்தட்டைக் கழற்றிப் பஞ்சைத் துடையுங்கோ. மெசின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. நாள்பட்டால் பிசினாகி இறுகும்.

5. சேலைகளைக் கஞ்சி போகக் கழுவி, கையால் பெருந்தையல் போட்டுச் சேர்த்த பிறகு மெசினில் வையுங்கோ. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையுங்கோ. தையலைச் சற்று நீளமாக வையுங்கோ. தடித்த மூட்டு வந்தால் மிதியை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கோ. பின்னாலிருந்து துணியை இழுத்தால் ஊசி வளைந்துவிடும்.

இத்தனையும் பார்த்தும் தாவினால், மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கோ. அதில் சரியாக விழுந்தால் மெசினில் பிழை இல்லை; ஊசியையும் அழுத்தத்தையும் திரும்பப் பாருங்கோ. புது ஊசியோடு அதிலும் தாவினால் சட்டிலின் மூக்குத் தேய்ந்திருக்கலாம், அல்லது ஊசியும் சட்டிலும் சேரும் நேரம் தவறியிருக்கலாம். அப்போதுதான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

தாவிய தையலைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். அந்த இடத்தில் நூல் தொங்கும். பிள்ளையின் கால்விரல் மாட்டினால் அறுந்து மடிப்பு வாய் பிளக்கும். லயத்துக் குளிரில் அந்தப் போர்வைதான் பிள்ளைக்குக் காவல். விற்கத் தைக்கிறவர்களுக்கோ, ஒரு போர்வை பிரிந்தால் அடுத்த ஓடர் வராது. ஊசியை மாற்றாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கொழுந்தெடுத்து வாங்கிய நாட்சம்பளம் அங்கேயே போய்விடும்.

மூலையில் கிடக்கும் மெசினை இன்றைக்கே எடுத்துத் துடையுங்கோ. புது ஊசி ஒன்று போட்டு மிதித்துப் பாருங்கோ.